ராத்திரி 2 மணிக்கு ஹீட்டர் நின்னுடுது, வண்டில ரெண்டு நாய் இருக்கு, அவசரம்

உப்புக்காற்று | இரவு 10:52
வணக்கம். இலையுதிர் காலத்துல கூட்டம் இருக்காதுன்னு மோட்டார்ஹோம் எடுத்துட்டு கடலோரமாவே போயிட்டிருக்கோம். நாங்க ரெண்டு பேர், கூட எங்க நாய்ங்க கருப்பி, மணி. முந்தாநாளும் நேத்தும் ராத்திரி 2 மணி வாக்குல ஹீட்டர் தானா அணைஞ்சிடுச்சு, சிவப்பு லைட் மினுக்குது. காலைல போட்டா ஒழுங்கா பத்திக்குது. கண்ணாடியெல்லாம் தண்ணி வழியுது, நாய்ங்க ரெண்டும் நடுங்குதுங்க. எப்படி சரி பண்றது? மணி சாயங்காலம் ரெண்டு தடவை வாந்தி வேற எடுத்தான், அலைச்சல்தான்னு நினைக்கிறேன்.

சக்கரவீடு | இரவு 10:58
என்ன ஹீட்டர்? டீசலா, கேஸா? லைட் எத்தனை தடவை மினுக்குது? பேட்டரி லெட் ஆசிடா, லித்தியமா? இது தெரியாம யாரும் எதுவும் சொல்ல முடியாது.

மின்மினி | இரவு 11:03
பேட்டரிதான், சந்தேகமே வேணாம். இந்த சீசன்ல பகல் குறைவு, வெயில் சாஞ்சு வருது. கூரைல படுக்கையா கிடக்கிற சோலார் பேனல் கோடைல கொடுத்ததுல பாதி கூட கொடுக்காது. ராத்திரி 2 மணிக்கு வோல்டேஜ் இறங்கியிருக்கும். ஹீட்டர் ஓடும்போது அதிகம் இழுக்காது, பத்த வைக்கும்போதுதான் க்ளோ பிளக் (சூடாகி எரிபொருளைப் பத்த வைக்கிற பாகம்) சில நிமிஷம் 8, 10 ஆம்பியர் இழுக்கும். மல்டிமீட்டரை பேட்டரில வைக்காதீங்க, ஹீட்டரோட ஒயர் முனைல வச்சு, அது பத்தும்போது பாருங்க. கடலோரத்துல எர்த் முனை, அதாவது வண்டியோட இரும்புல சேர்ற ஒயர் முனை, உப்புல பச்சை பூத்துப் போயிருக்கும், அதையும் சுரண்டுங்க.

பழம்பயணி | இரவு 11:10
ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் இதே கேள்வி. கையேட்டைப் படிக்கும் பழக்கம் இருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. கடற்காற்று நேராகப் புகைக்குழாய்க்குள் அடிக்கிறது, எரிப்பு அணைகிறது. வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள், குழாயின் வாயில் மணல் சேர்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். பேட்டரி பேட்டரி என்று எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கொடுப்பவர்களை நம்ப வேண்டாம்.

நெய்தல் | இரவு 11:14
எல்லாரும் ஹீட்டரையே பாக்குறீங்க. நாய் வாந்தி எடுத்திருக்கு! அப்போ ஹீட்டர் ஓடிட்டிருந்துச்சா? உங்களுக்குத் தலைவலி, குமட்டல் இருக்கா? புகைக்குழாய் இணைப்பு எங்கயாவது விட்டிருந்தா கார்பன் மோனாக்சைடுங்கிற விஷ வாயு உள்ள வரும், வாசனையே இருக்காது. இதுக்குப் பதில் சொல்ற வரைக்கும் ஹீட்டரைப் போடாதீங்க, ஜன்னலைத் திறங்க.

ஆலமரம் | இரவு 11:17
பாவம், நாய்ங்க குளிர்ல நடுங்குது. அதுவரைக்கும் கேஸ் அடுப்பை 10 நிமிஷம் எரியவிடுங்க, சின்ன வண்டி, சட்டுனு சூடாயிடும்.

சக்கரவீடு | இரவு 11:19
வேண்டவே வேண்டாம். ஒரு கிலோ புரொபேன் எரிஞ்சா சுமார் 1.6 கிலோ தண்ணி ஆவியா வெளிய வரும். ஏற்கனவே கண்ணாடில வழியுதுங்கிறார். ஜன்னலை மூடிட்டு எரிச்சா கார்பன் மோனாக்சைடு பயம் வேற. சமைக்கத்தான் அடுப்பு.

ஆலமரம் | இரவு 11:21
நான் பல வருஷமா செய்றேன், ஒண்ணும் ஆகல. தரைகிட்ட அலாரம் இருக்கு, வாயு கீழதானே இறங்கும்.

பழம்பயணி | இரவு 11:25
கீழே இறங்குவது சமையல் வாயு. புரொபேனின் மூலக்கூறு எடை 44, காற்றின் சராசரி 29. கார்பன் மோனாக்சைடு 28. அது காற்றோடு கலந்து நிற்கும். உங்கள் தரை அலாரம் கேஸ் கசிவுக்கானதாக இருந்தால், பல வருடமாக அலாரம் இல்லாமல்தான் தூங்கியிருக்கிறீர்கள். அடிப்படை வேதியியல் இது.

ஆலமரம் | இரவு 11:28
சொல்ற விஷயத்தை மரியாதையாவும் சொல்லலாம் சார்.

நெய்தல் | இரவு 11:29
அவர் சொன்ன விதம் எனக்கும் பிடிக்கல. ஆனா விஷயம் சரி. இன்னைக்கே அலாரத்தைத் திருப்பி என்ன எழுதியிருக்குன்னு பாருங்க ஆலமரம். ரெண்டு அலாரமும் தனித்தனியா வேணும்.

உப்புக்காற்று | இரவு 11:41
மன்னிக்கணும், சிக்னல் விட்டு விட்டு வருது. டீசல் ஹீட்டர். பேட்டரி லெட் ஆசிட், இப்ப 12.5 வோல்ட் காட்டுது. எங்களுக்குத் தலைவலி இல்ல. மணி வாந்தி எடுத்தது வெளிய மணல்ல, அப்போ ஹீட்டர் போடவே இல்ல. மதியம் பூரா அலைல பந்து தூக்கிட்டு வந்தான். ஹீட்டர் சீட்டுக்கு அடியில இருக்கு. அதுங்க ரெண்டும் அங்கதான் படுக்கும், கம்பளம் விரிச்சிருக்கோம்.

நெய்தல் | இரவு 11:44
அப்ப பெரும்பாலும் கடல் தண்ணிதான். ஒவ்வொரு தடவை பந்தைக் கவ்வும்போதும் வாய் நிறைய உள்ள போகும், லிட்டருக்கு 35 கிராம் உப்பு. நல்ல தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி கொடுங்க. தள்ளாடினா, உடம்பு உதறினா, கூப்பிட்டாலும் கண்டுக்காம மந்தமா கிடந்தா விடியற வரைக்கும் காத்திருக்காதீங்க, ராத்திரியே டாக்டர்கிட்ட போங்க. மணலும் முழுங்கியிருக்கலாம், நாளைக்கு மலம் போறானான்னு பாருங்க.

சக்கரவீடு | இரவு 11:46
சீட்டுக்கு அடியில, கம்பளமா? இதை முதல் வரிலயே சொல்லியிருக்கணும் நண்பரே. எரியறதுக்கான காத்து வெளியிலேருந்து தனியா வரும். சூடாக்கி வெளிய தள்ளுற காத்தை ஹீட்டர் வண்டிக்குள்ளேருந்துதான் உறிஞ்சும். அந்த வாயை நாயும் கம்பளமும் அடைச்சா உள்ள சூடு ஏறி, பாதுகாப்புக்கு அதுவே அணைஞ்சிடும். ஆறினதும், அதாவது காலைல, பத்திக்கும். கம்பளத்தை எடுத்துட்டு வலையைப் பாருங்க, முடி அடைச்சிருக்கும். இந்த சீசன்லதான் அதுங்களுக்கு முடி கொட்டும்.

மின்மினி | இரவு 11:50
12.5 இப்ப இருக்கு, 2 மணிக்கு எவ்வளவுன்னு யாரும் பாக்கல. எர்த் முனையை விடாதீங்க.

உப்புக்காற்று | காலை 7:20
வலைல கை அளவு முடி, மணலோட கெட்டியா ஒட்டியிருந்துச்சு. எடுத்துட்டேன், கம்பளத்தைக் கதவுகிட்ட மாத்திட்டேன். விடிய விடிய ஓடுச்சு. மணி தண்ணி குடிச்சான், இப்ப வாலாட்டிட்டு நிக்கிறான். எல்லாருக்கும் நன்றி, கிளம்புறோம்.

பழம்பயணி | காலை 8:05
புகைக்குழாயைப் பார்த்தீர்களா?

நெய்தல் | காலை 8:31
மணி நல்லா இருக்கிறது ரொம்ப சந்தோஷம். நாய்ங்க உடம்புல ஈரமாயிருந்த முடி ராத்திரில காய்ஞ்சு மறுபடி அந்த வலைக்கே போகும், அதுங்க உள்ள ஏறுறதுக்கு முன்னாடி நல்ல தண்ணில அலசி, துவட்டி விடுங்க. உங்க வண்டில கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கான்னு நீங்க கடைசி வரைக்கும் சொல்லல.

நெய்தல் | மறுநாள் இரவு 9:12
உப்புக்காற்று, அலாரம் இருக்கா?