மொன்டாரா கசிவும் எங்கள் கடலும்: "பாதிப்பில்லை" என்று சொல்ல யாருக்கு உரிமை?

கரைவலை (பாசையூர்)

இலங்கையின் வடமேற்குக் கடலில், மன்னார்ப் படுகையில் எரிவாயு தோண்டுவதைப் பற்றிக் கதை வரும்போதெல்லாம் இங்கே இரண்டு கட்சி. ஒரு பகுதி 2010 இல் டீப்வோட்டர் ஹொரைசன் துளைமேடை வெடித்து எண்ணெய் கொட்டிய மெக்சிக்கோ வளைகுடாவைக் காட்டிப் பயப்படுகிறது. மற்றப் பகுதி "அது எங்கேயோ நடந்தது" என்று தட்டிவிடுகிறது. எங்கள் நிலைமைக்குக் கிட்ட நிற்பது வேறொரு சம்பவம் என்று நினைக்கிறேன்.

2009 ஆகஸ்ட் 21 அன்று தீமோர் கடலில், அவுஸ்திரேலிய எல்லைக்குள் இருந்த மொன்டாரா எண்ணெய்க் கிணறு கட்டுப்பாட்டை இழந்தது. நவம்பர் 3 வரை, 74 நாட்கள் எண்ணெய் வந்துகொண்டே இருந்தது. நாளுக்கு 400 பீப்பாய் என்றது கம்பனி. 2,000 வரை இருக்கலாம் என்ற கணக்கு அரச தரப்பிலிருந்தே வந்தது. அங்கிருந்து ஏறக்குறைய 250 கிலோமீற்றர் தள்ளி இந்தோனேசியாவின் ரோட்டே தீவு. அந்தத் தீவுச் சனம் கடற்பாசி வளர்த்துப் பிள்ளைகளைப் படிப்பித்த சனம். அந்த வருடம் பாசி வெளிறி அழுகிப் போனது. எண்ணெய் அந்தக் கரைக்கு வரவே இல்லை என்று கம்பனி சாதித்தது.

2016 இல் 15,000 க்கும் மேற்பட்ட பாசி விவசாயிகள் சார்பில் அவுஸ்திரேலியாவில் வழக்குப் போட்டார்கள். எண்ணெய் வந்தது, பாசியை அழித்தது என்று 2021 மார்ச்சில் நீதிமன்றம் சொன்னது. 2022 நவம்பரில் 19 கோடியே 25 இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு இணக்கம் ஏற்பட்டது. அதற்குள் 13 வருடம் போய்விட்டது. 2009 இல் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கே கல்யாணம் ஆகியிருக்கும்.

இப்போது எங்கள் பக்கம் பாருங்கள். வேலணையிலும் பூநகரிக் கரையிலும் கடலட்டை வளர்க்கிறார்கள், கடற்பாசி வளர்க்கிறார்கள். நாளைக்கு ஒரு எண்ணெய்ப் படலம் வந்து அழித்தால், நேற்று அங்கே என்ன இருந்தது என்று எதை வைத்து நிரூபிப்போம்?

துளைமேடை (கட்டார்)

தங்கச்சி, நீங்கள் சொன்ன சம்பவம் நடந்ததுதான். அதிலிருந்து எங்கள் கடலுக்குத் தாவுவதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

மொன்டாரா எண்ணெய்க் கிணறு. மன்னாரில் 2011 இல் டொராடோ, பரகுடா என்று இரண்டு துளைகளிலும் கண்டது எரிவாயு. எரிவாயுக் கிணறு வெடித்தால் முதலில் போவது மேடையில் நிற்கிற எங்களைப் போன்றவர்களின் உயிர். வாயு கறுப்புத் தாராக வந்து கரையில் ஒட்டாது. டொராடோ தோண்டிய இடத்தில் கடலின் ஆழமே 1,300 மீற்றருக்கு மேல். பாசையூர்க் கரைக்கு வெளியே நின்று தோண்டப் போவதில்லை.

அடுத்தது, எண்ணெய் கடலில் விழுந்தபடியே கிடப்பதில்லை. எங்களுடையதைப் போன்ற வெப்பக் கடலில் இலேசான பகுதி ஓரிரு நாளில் ஆவியாகிவிடும். மிச்சத்தை அலை உடைக்கும், நுண்ணுயிர் தின்னும். மெக்சிக்கோ வளைகுடாவின் அடித்தளத்தில் காலம் காலமாக எண்ணெய் இயற்கையாக ஊறுகிறது. அதைத் தின்று பழகிய நுண்ணுயிர்கள்தான் 2010 இல் பெருகி வேலை செய்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1967 இல் டோரி கேன்யன் என்ற கப்பல் இங்கிலாந்தின் கோர்ன்வால் கரையருகே பாறையில் மோதியது. பதறிப்போய் எண்ணெயைக் கரைக்கும் இரசாயனத்தைத் தொன் கணக்கில் ஊற்றினார்கள். எண்ணெய் கொன்றதை விட அந்த இரசாயனம் கொன்ற சிப்பியும் நத்தையும் அதிகம். ஊற்றாமல் விட்ட கரைகள் இரண்டு மூன்று வருடத்தில் தேறின, ஊற்றிய கரைகளுக்குப் பத்து வருடத்துக்கு மேல் எடுத்தது. பயத்தில் எடுக்கிற முடிவும் கடலைக் கொல்லும்.

இந்த நாட்டுக்கு எரிபொருள் வாங்கக் காசில்லாமல் 2022 இல் நாங்கள் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. அதையும் தராசில் போடுங்கள்.

சம்மாட்டி (குருநகர்)

இரண்டு பேருமே வராத எண்ணெய்க்குச் சண்டை பிடிக்கிறீர்கள். வந்துகொண்டிருக்கிற அழிவைப் பற்றி யார் கதைக்கிறது?

திங்கள், புதன், சனி என்று நாள் வைத்து இந்திய இழுவைப் படகுகள் வருகின்றன. அடிமடி கடலின் அடியைச் சுரண்டிக்கொண்டு போகும். சாதாளை என்கிற கடற்புல், குஞ்சு மீன், முட்டை நண்டு எல்லாம் அதோடு போகும். எங்கள் வலைகளையும் அறுத்துக்கொண்டு போவார்கள். இழுவைமடிக்கு 2017 இல் இங்கே சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். தடை எங்கள் படகுகளைக் கட்டியது, அக்கரைப் படகுகளை முழுதாகக் கட்டவில்லை. எண்ணெய் ஒருமுறை வரும், போகும். இது கிழமைக்குக் கிழமை வருகிறது. சூழலைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் முதலில் இதற்கு எழுதுங்கோ.

கரைவலை (பாசையூர்)

சம்மாட்டி ஐயா, இழுவைமடியைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கமாட்டேன். எங்கள் வீட்டு வலையும் அறுந்திருக்கிறது. ஆனால் ஏற்கெனவே அடிபட்ட கடல் என்பதால்தான் எனக்கு இன்னும் பயம். நல்ல கடல் ஒரு கசிவிலிருந்து தேறலாம். சாதாளை பாதி போய், குஞ்சு பாதி போய் நிற்கிற கடல் எதை வைத்துத் தேறும்?

கசிவு நடந்த பிறகு இதே இழுவைப் படகுகள்தான் கம்பனிக்குச் சாட்டாகவும் வரும். "மீன் குறைந்தது எண்ணெயால் இல்லை, இழுவைமடியால்" என்பார்கள். எத்தனை வீதம் எதனால் என்று பிரித்துக் காட்ட எங்களிடம் ஒரு தாளும் இருக்காது.

துளைமேடை அண்ணை, ஆவியாவது பற்றி. எது ஆவியாகிறது என்று பார்க்க வேண்டாமா? அந்த இலேசான பகுதியில்தான் கூடிய நஞ்சு இருக்கிறது. அது போவதற்குள் மேல்நீரில் மிதக்கும் முட்டையையும் குஞ்சையும் தொட்டுவிட்டுப் போகும். டீப்வோட்டர் ஹொரைசன் கசிவுக்குப் பிறகு செய்த ஆய்வுகளில், எண்ணெயின் சில சேர்மங்கள் மிகச் சிறிய அளவிலேயே மீன் கருவின் இதயத்தைப் பழுதாக்குவதைக் கண்டார்கள். அப்படிப் பழுதான குஞ்சு கரையில் ஒதுங்காது, படத்திலும் வராது. பிறகு ஒரு வருடம் பிடி குறையும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

எரிவாயு என்றால் எண்ணெயே வராது என்பதும் முழுச் சரியில்லை. எரிவாயுவோடு இலேசான திரவமும் வருவது வழக்கம். உங்களுக்கு என்னைவிட வடிவாகத் தெரியும்.

துளைமேடை (கட்டார்)

திரவம் வரலாம், ஓம். அது வேகமாக ஆவியாகும், 1,300 மீற்றர் ஆழத்திலிருந்து மேலே வருவதற்குள் நிறைய மாறிவிடும். ஆய்வுகூடத் தொட்டியில் மீன்முட்டைக்கு நடப்பதை அப்படியே முழுக் கடலுக்கும் பெருக்க முடியாது என்பதுதான் என் வாதம். மெக்சிக்கோ வளைகுடாவில் ஒரு கட்டத்தில் அமெரிக்காவின் கடற்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மீன்பிடிக்கு மூடினார்கள். திரும்பத் திறந்த பிறகு மீனவர்கள் தொழிலுக்குப் போனார்கள். கடல் செத்துவிட்டது என்று சொன்னவர்களின் வாக்கு பலிக்கவில்லை.

அலாஸ்காவில் எக்ஸன் வால்டீஸ் என்ற கப்பல் 1989 இல் எண்ணெயைக் கொட்டியது. அங்கே ஹெரிங் மீன்வளம் விழுந்தது 1993 இல். எண்ணெயாலா நோயாலா என்று விஞ்ஞானிகள் இன்றும் ஒத்துப்போகவில்லை. இதை மறைத்துவிட்டு "எண்ணெய் அழித்தது" என்று மட்டும் எழுதுவது நியாயமில்லை.

சுன்னாகத்தான்

கடலைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, ஆனால் "ஒத்துப்போகவில்லை" என்பது எப்படி நடக்கும் என்று எங்கள் ஊருக்குத் தெரியும்.

சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த விடயம். கிணற்றில் எண்ணெய் மிதந்ததைச் சனம் கண்ணால் கண்டது, மூக்கால் மணந்தது. ஒரு குழு பயமில்லை என்றது, வேறு பரிசோதனைகள் வேறு மாதிரிச் சொன்னன. கற்றவர்கள் ஒத்துப்போகும் வரை நாங்கள் தண்ணீர் பவுசருக்குக் காத்துக்கொண்டு நின்றோம். கடைசியில் 2019 இல் உயர் நீதிமன்றம்தான் சொன்னது, மாசுபடுத்தியவர் கட்ட வேண்டும் என்று. இழப்பீடு 2 கோடி ரூபாய். அதைக் கிணறுகளுக்குப் பிரித்துப் பாருங்கள்.

அது நிலம். கிணறு அசையாது, வேலி இருக்கிறது, காணி உறுதி இருக்கிறது. கடலில் எது யாருடையது என்று என்னத்தைக் காட்டுவீர்கள்?

கரைவலை (பாசையூர்)

நான் சொல்ல வந்ததும் இதுதான். அண்ணை, ஹெரிங் விடயத்தில் காரணம் தீரவில்லை என்று சொன்னீர்கள், சரி. தீராததால் யாருக்கு லாபம்? சந்தேகம் வரும் இடத்தில் எல்லாம் கம்பனி தப்புகிறது, மீனவன் மாட்டுகிறான். ஏன் சந்தேகம் தீரவில்லை? கசிவுக்கு முந்திய கணக்குப் போதாது என்பதும் அதற்கு ஒரு பெரிய காரணம்.

கொட்டிய அளவிலேயே சண்டை. மெக்சிக்கோ வளைகுடாவில் 2010 இல் முதலில் நாளுக்கு 1,000 பீப்பாய் என்றார்கள், பிறகு 5,000, கடைசியில் அரச விஞ்ஞானிகளின் கணக்கு 50,000 க்கும் மேலே போனது. சென்னைக்கு வடக்கே எண்ணூரில் 2017 சனவரியில் இரண்டு கப்பல்கள் மோதியபோதும், முதலில் பெரிதாக ஒன்றும் கசியவில்லை என்றுதான் சொன்னார்கள். பிறகு இளைஞர்கள் வாளியால் அள்ளியதை உலகமே பார்த்தது. முதல் நாள் சொல்லப்படும் அளவை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

எங்கள் பாக்குநீரிணைப் பக்கத்தை மெக்சிக்கோ வளைகுடாவோடு வைத்துப் பார்ப்பதே பிழை. பெரும்பாலான இடங்களில் 15 மீற்றர் ஆழம்கூட இல்லை. அங்கே எண்ணெய் மேலே மிதந்துவிட்டுப் போகாது. சேற்றோடு சேரும், சாதாளையில் ஒட்டும், கண்டல் வேரில் தங்கும். அலாஸ்காவில் கூழாங்கல்லுக்கு அடியில் பத்து வருடம் கழித்தும் எண்ணெய் கிண்டி எடுத்திருக்கிறார்கள். குளிர் கடல் என்று சொல்வீர்கள். காற்று நுழையாத சேறு எங்கேயும் ஒன்றுதான், அங்கே நுண்ணுயிரும் மெதுவாகத்தான் தின்னும்.

சம்மாட்டி (குருநகர்)

பிள்ளை சொல்வதில் ஒன்று எனக்குப் படுகிறது. 2021 இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அங்கால் எரிந்து தாண்டது. கடலில் கொட்டியது பிளாஸ்ரிக் மணியும் இரசாயனமும். நீர்கொழும்புப் பக்கம் தொழிலுக்குப் போகவேண்டாம் என்று மறித்தார்கள். எங்கள் மீன் அந்தக் கடலில் பிடித்ததே இல்லை, ஆனாலும் வாங்க ஆள் யோசித்தது. மீன் சாகாமலே மீனவன் சாகலாம். இதை எந்த விஞ்ஞானி கணக்கெடுக்கிறான்?

ஆனால் இழுவைமடியை நான் விடப் போவதில்லை. கசிவுக்கு ஆய்வு செய்ய வருகிறவன் இழுவைமடி சுரண்டிய இடத்தையும் சேர்த்துப் படம் வரையட்டும். அப்போதுதான் என் ஆதரவு.

துளைமேடை (கட்டார்)

ஐயா சொல்வதை ஏற்கிறேன். விலை விழுவதும் பாதிப்புத்தான், அதையும் கம்பனி சுமக்க வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் இரசாயனம் தெளிக்கக்கூடாது என்பதும் எங்கள் தொழிலிலேயே இருக்கிற பொது விதி.

முன்கணக்கு எடுப்பதற்கும் நான் எதிரில்லை. துளை போடுவதற்கு முன் சூழல் அறிக்கை எழுதுவது இருக்கிற நடைமுறைதான். நான் எதிர்ப்பது, அதை ஒரு பூட்டாகப் பாவிப்பதை. "இன்னும் ஒரு வருடம் எண்ணுவோம், இன்னும் ஒரு வருடம்" என்று இழுத்தால் யாரும் வரமாட்டார்கள். 2011 இல் கண்ட வாயு இன்னும் அடியில்தான் கிடக்கிறது.

கரைவலை (பாசையூர்)

அறிக்கை எழுதுவது நடைமுறை என்கிறீர்கள். யார் எழுதுவது? தோண்டப் போகிற கம்பனி காசு கொடுத்து அமர்த்துகிற ஆட்கள், பெரும்பாலும் தோண்டுகிற இடத்தைச் சுற்றி. 250 கிலோமீற்றர் தள்ளி இருந்த ரோட்டேக் கரையை மொன்டாராவில் யார் போய்ப் பார்த்தார்கள்? அந்தச் சனமே வாய்மூலம் சாட்சி சொல்லித்தான் நீதிபதியை நம்ப வைத்தது.

ஆகவே என் கோரிக்கை இது. துளைக்கு அனுமதி கொடுக்க முன்னர், கம்பனியின் கையில் இல்லாத ஆட்கள் நெடுந்தீவிலிருந்து மன்னார் வரை சாதாளை, கண்டல், அட்டை, நண்டு எல்லாவற்றையும் வாடைக் காலத்தில் ஒருமுறை, சோழகக் காற்றுக் காலத்தில் ஒருமுறை எண்ணட்டும். காற்று மாறினால் நீரோட்டமும் மாறும், ஒரு பருவக் கணக்குப் போதாது. ஐயா கேட்டபடி இழுவைமடி சுரண்டிய இடங்களும் அதில் வரட்டும். முடிவு தமிழில், சங்கங்களின் கையில் கிடைக்க வேண்டும். ஒரு வருடம்தான், அண்ணை. வாயு அதுவரை அங்கேயே இருக்கும்.

அதோடு இழப்பீட்டுக்கான பணத்தைக் கம்பனி முன்கூட்டியே இங்கே வைப்பிலிட வேண்டும். பதின்மூன்று வருடம் வேறு நாட்டு நீதிமன்றத்துக்கு அலைய எங்களால் முடியாது.

துளைமேடை (கட்டார்)

எண்ணுவதற்கு ஒரு வருடம், சரி. முன்வைப்புக்கு நான் உடன்படவில்லை. அவ்வளவு பெரிய தொகையை முடக்கச் சொன்னால் பெரிய கம்பனிகள் திரும்பியும் பாரா. காப்புறுதியும் சர்வதேச உத்தரவாதமும் போதும்.

சம்மாட்டி (குருநகர்)

காப்புறுதிக்காரன் கேட்பதும் கணக்குத்தானே, தம்பி. எங்கள் சங்கத்தில் நண்டு, இறால் கொடுத்த பற்றுச்சீட்டுகள் பல வருடத்துக்குரியவை மூட்டையாகக் கிடக்கின்றன. கறையான் அரிக்க முன்னர் யாராவது படிச்ச பிள்ளைகள் வந்து கணினியில் ஏற்றித் தந்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை நான் வாடியில்தான் இருப்பேன்.

கரைவலை (பாசையூர்)

வருகிறேன் ஐயா. பாசையூர்ச் சங்கத்திலும் கேட்டுப் பார்க்கிறேன். நாவாந்துறை, மாதகல், ஊர்காவற்றுறைப் பக்கம் இப்படிப் பழைய சீட்டுகள் வைத்திருப்பவர்கள் இங்கே எழுதுங்கள். திகதி, இனம், நிறை, விலை, இந்த நாலும் இருந்தால் போதும்.