மருந்து அயற்பணி: ஒரு கலைச்சொல் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு நோய்க்கென ஒப்புதல் பெற்ற மருந்தை வேறொரு நோய்க்குக் கொடுத்துச் சோதிக்கும் முறைக்கு (drug repurposing) ‘மருந்து மறுபயன்பாடு’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. ஒருமுறை போட்ட ஊசியை மீண்டும் போடுவதையும் அதே சொல்லால்தான் குறிக்கிறோம் என்பதால், மருத்துவ நூல்களில் அது ஆபத்தான குழப்பத்தை உண்டாக்கும். ‘மாற்றுப்பயன் மருந்து’ என்பதோ நஞ்சுமுறிவைக் குறிக்கும் ‘மாற்று மருந்து’க்கு மிக அருகில் வந்துவிடுகிறது.

‘புதுப்பயன்’ செவிக்கு இனிதுதான். ஆயினும் பயன் என்றாலே நன்மை விளைந்துவிட்டதாகப் பொருள்படும். எடுத்துக்காட்டாக, மூளையைத் தாக்கும் வைரஸ்களைப் பொறுத்தவரை அப்படி உறுதி கூற இயலாது. முகப்பருவுக்குத் தரப்படும் மினோசைக்ளின், கொழுப்பில் எளிதில் கரைவதால், குருதியிலுள்ள பல பொருள்களை மூளைக்குள் விடாத குருதி-மூளைத் தடுப்பைக் கடந்து, மூளையின் நோய் எதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியா தூண்டும் அழற்சியைத் தணிக்கிறது. ஜப்பானிய மூளையழற்சி வைரஸ் செலுத்தப்பட்ட சுண்டெலிகள் பல அதனால் பிழைத்தன. ஆனால் லக்னோவில் மூளையழற்சி நோயாளிகளிடம் நடந்த சோதனையில், இறப்பு குறைந்தது என்று அறுதியிட்டுச் சொல்லும் அளவுக்கு வேறுபாடு கிட்டவில்லை.

அமாண்டடின் இன்னும் விந்தையானது. 1966இல் அமெரிக்காவில் ஃபுளூ தடுப்புக்கு ஒப்புதல் பெற்ற அம்மருந்தை உட்கொண்ட பார்க்கின்சன் நோயாளி ஒருவருக்கு நடுக்கமும் விறைப்பும் குறைந்ததைக் கவனித்து, அந்நோய்க்கும் அதைத் தரத் தொடங்கினர். 2004இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ரேபிஸ் கண்ட 15 வயதுச் சிறுமிக்கு, கெட்டமின் என்ற மயக்க மருந்து, ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து முதலியவற்றோடு அமாண்டடினும் கொடுக்கப்பட்டது. அச்சிறுமி பிழைத்தார், அதே முறையில் பின்னர் சிகிச்சை பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

எனவே ‘அயற்பணி’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். தம் துறையை விட்டுச் சில காலம் வேறிடத்தில் பணியாற்ற, அதாவது அயற்பணிக்குச் செல்லும் அரசு ஊழியருக்குத் தாய்த்துறையில் உள்ள உரிமை போய்விடுவதில்லை. புதிய இடத்தில் அவர் சிறப்பாகப் பணியாற்றுவார் என்ற உத்தரவாதமும் இல்லை. மினோசைக்ளினின் நிலையும் இதுவே. ‘அயற்பணி மருந்து’, ‘அயற்பணிக்கு உட்படுத்தினர்’ என்று தொடர்களும் இயல்பாக அமைகின்றன. சிலருக்கு இதில் அரசாணை வாடை அடிக்கலாம். பொருள் துல்லியத்துக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

மருத்துவர் தம் பொறுப்பில், ஒப்புதல் இல்லாத நோய்க்கு ஒரு மருந்தை எழுதித் தருவதை இச்சொல்லால் குறிக்க வேண்டாம். அதற்கு ‘ஒப்புதல் கடந்த பயன்பாடு’ என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.