ஐந்து விரலா? எந்தப் பக்கத்தில்?

மூன்றாம்மொழி:
நேற்று புத்தகத் தேர்வு பற்றிய இழையில் வாத்தியார் போகிற போக்கில் இப்படி எழுதிவிட்டுப் போனார்: "வாசிக்கத் தொடங்கும் பிள்ளையோ, புது மொழி படிக்கும் பெரியவரோ, எல்லாருக்கும் ஒரே வழிதான். குழந்தைகள் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பிரியுங்கள். தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்குங்கள். ஐந்தும் மடங்கினால் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் தாராளமாகப் படியுங்கள்." இதற்கு முப்பது லைக் வேறு. எரிச்சல் அடங்காமல்தான் தனி இழை தொடங்குகிறேன்.

எந்தப் பக்கத்தில் ஐந்து? படப் புத்தகத்தில் பக்கத்துக்கு 30 சொல் இருக்கும். நாவலில் 300 இருக்கும். முப்பதில் நான்கு தெரியாவிட்டால் ஏழெட்டு அடிக்கு ஒருமுறை தடுக்கி விழுகிறோம். முந்நூறில் நான்கு என்றால் தடுக்கியதே தெரியாது. இரண்டுக்கும் அதே நான்கு விரல். இது விதியா, கைரேகை ஜோசியமா?

பழையவாத்தியார்:
தம்பி, 27 வருடம் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒரு பிள்ளை தானே கதை புத்தகத்தை எடுக்கும், தானே விரலை மடக்கும், யாரும் "உனக்கு இது கஷ்டம்" என்று சொல்லாமலே வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கும். அந்தப் பிள்ளையின் முகம் வாடாது பாருங்கள், அதுதான் இந்த முறையின் அழகு. உங்கள் கால்குலேட்டரில் அது வராது.

ஒற்றுப்பிழை:
கதைப் புத்தகம். ப் மிகும். 27 வருடம் என்றீர்களே.

பழையவாத்தியார்:
கைபேசியில் தட்டினேன் ஐயா. ப் விழவில்லை. அதற்கும் ஒரு விரல் மடக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம்மொழி:
27 வருடம் இருக்கட்டும். எந்தப் பக்கத்தில்?

ஹூ, நேஷன் என்ற மொழி ஆய்வாளர்கள் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு கதையில் சில சொற்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அர்த்தமில்லாத போலிச் சொற்களை வைத்து, ஆங்கிலம் கற்பவர்களைப் படிக்கச் சொன்னார்கள். நூற்றுக்கு 80 சொல் மட்டும் தெரிந்த நிலையில் ஒருவருக்குக்கூடக் கதை போதுமான அளவு புரியவில்லை. யார் துணையும் இல்லாமல் சுகமாகப் படிக்க நூற்றுக்கு 98 சொல்லாவது தெரிந்திருக்க வேண்டும் என்று முடித்தார்கள். ஐம்பது சொல்லுக்கு ஒரு தெரியாத சொல். முப்பது சொல் உள்ள பக்கத்தில் ஒரு விரலைக்கூட முழுதாக மடக்க முடியாது வாத்தியாரே. அரை விரல்தான்.

பழையவாத்தியார்:
அது வேற்றுமொழி படிக்கும் பெரியவர்களை வைத்துச் செய்தது. என் பிள்ளைகளோடு அதற்கு என்ன சம்பந்தம்?

மூன்றாம்மொழி:
"எல்லாருக்கும் ஒரே வழிதான்" என்று எழுதியது யார்? ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

நள்ளிரவுவாசகி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஜப்பானியம் படிக்கத் தொடங்கியபோது யாரோ சொன்னார்கள் என்று ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கான புத்தகம் ஒன்றை வாங்கினேன். முழுக்க ஹிராகானா எழுத்து, அதாவது ஒலியை மட்டும் காட்டுவது. ஓர் எழுத்து விடாமல் வாசித்தேன், ஒரு வரி புரியவில்லை. 'ஹாஷி' என்று எழுதியிருந்தால் அது பாலமா, சாப்பிடும் குச்சியா, ஓரமா? பொருளையே காட்டும் 'கான்ஜி' எழுத்தில் இருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். அந்த ஊர்க் குழந்தைக்குச் சொல் காதில் ஏற்கெனவே இருக்கிறது, எழுத்துத்தான் புதிது. எனக்கு நேர் எதிர். அப்புறம் பக்கம் முழுக்க ஒலிக்குறிப்புச் சொற்கள், மழைக்கு ஒன்று, வழுக்கி விழுவதற்கு ஒன்று, எந்தப் பாடநூலிலும் இல்லாதவை.

ஆகவே "தெரியாத சொல்" என்றால் என்ன என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுச் சண்டை போடலாமே? வாசிக்கத் தெரியாததா, பொருள் தெரியாததா?

மூன்றாம்மொழி:
நன்றி வாசகி, என் கட்சிக்கு வலு சேர்த்தீர்கள். பிரெஞ்சிலும் இதே கூத்துதான். குழந்தைக் கதைகளில் வினைச்சொல் முழுக்க ஓர் இறந்தகால வடிவத்தில் வரும். பேச்சில் கிட்டத்தட்ட வழக்கொழிந்தது. நமக்கு அதைக் கடைசியில்தான் சொல்லித்தருவார்கள். குழந்தைகளுக்கு எழுதியது எளிது என்பதே கட்டுக்கதை. இவருடைய விதியில் அந்த வினைச்சொல் ஒரு விரலா, அரை விரலா? எந்தப் பக்கத்தில்?

நள்ளிரவுவாசகி:
நான் யார் கட்சியிலும் இல்லை.

புதுஅம்மா:
என் மகனுக்கு ஆறு வயது. ஆங்கிலம் வாசிக்கத் தொடங்கியிருக்கிறான். வண்டிகள் பற்றிய புத்தகம்தான் வேண்டும் என்கிறான். அதில் 'புல்டோசர்', 'எக்ஸ்கவேட்டர்' எல்லாம் தடுக்காமல் சொல்லிவிடுகிறான், 'த்ரூ', 'இனஃப்' வந்தால் நின்றுவிடுகிறான். இது கடினமான புத்தகமா, இல்லையா? எதை வாங்கிக்கொடுக்கலாம்?

பழையவாத்தியார்:
அம்மா, அவனுக்குச் சொல் குறைவாக, திரும்பத் திரும்ப வருகிற புத்தகம் கொடுங்கள். குழந்தைகளுக்கு எழுதும் அமெரிக்கர் டாக்டர் சூஸ் 1960இல் ஐம்பதே சொற்களில் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். உன்னால் முடியாது என்று பதிப்பாளர் பந்தயம் கட்டினார், இவர் எழுதி ஜெயித்தார்.

ஒற்றுப்பிழை:
ஐம்பது இல்லை, 236.

பழையவாத்தியார்:
236 என்பது 1957இல் வந்த அவருடைய பூனைக் கதை. நான் சொல்வது அதற்குப் பிறகு வந்தது. ஒற்றுப் பார்க்கத் தெரிந்தால் போதாது, ஆண்டும் பார்க்க வேண்டும் ஐயா.

மூன்றாம்மொழி:
நல்ல உதாரணம் கொடுத்தீர்கள், நன்றி. மொத்தமே 50 சொல் என்றால் ஐந்து விரல் என்பது பத்தில் ஒன்று. உங்கள் உதாரணமே உங்கள் விதியை உடைக்கிறது.

பழையவாத்தியார்:
ஆகா. 50 என்பது வெவ்வேறு சொற்களின் கணக்கு தம்பி. அவையே புத்தகம் முழுக்க நூற்றுக்கணக்கான முறை திரும்பி வருகின்றன. முதல் பக்கத்தில் தெரியாத சொல் பத்தாம் பக்கத்தில் பழகிவிடும். விழுக்காடு விழுக்காடு என்று வகுப்பு எடுத்தவருக்கு இது தெரியவில்லையா?

மூன்றாம்மொழி:
அது எனக்குத் தெரியும். பேச்சு அதைப் பற்றி இல்லை. திரும்பி வரும் சொல்லுக்கு ஒவ்வொரு முறையும் விரல் மடக்க வேண்டுமா, ஒரு முறை போதுமா? உங்கள் விதியில் அதுவும் இல்லை. பார்த்தீர்களா, ஓட்டை மேல் ஓட்டை.

பழையவாத்தியார்:
போன வருடம் அகராதி இழையிலும் இப்படித்தான். தவறு என்று காட்டினால் "பேச்சு அதைப் பற்றி இல்லை" என்பார். இருமொழி அகராதியே கூடாது என்று பத்து நாள் வாதாடியவர் இவர்.

மூன்றாம்மொழி:
"தொடக்கத்தில்" கூடாது என்றேன். அந்தச் சொல்லை விட்டுவிட்டு மேற்கோள் காட்டும் பழக்கம் உங்களுக்கு அப்போதே உண்டு.

புதுஅம்மா:
என் கேள்வி?

நள்ளிரவுவாசகி:
சகோதரி, எக்ஸ்கவேட்டர் அவன் காதில் இருக்கும் சொல். எழுத்தைக் கூட்டாமலே, படத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். படத்தை மூடிவிட்டு ஒருமுறை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். கற்ற எழுத்துகளை மட்டும் கூட்டி வாசிக்கும்படி எழுதிய சின்னப் புத்தகங்கள் கிடைக்கும், கதை சப்பென்றுதான் இருக்கும், தினம் பத்து நிமிடம் போதும். வண்டிப் புத்தகத்தைப் பிடுங்க வேண்டாம். அதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், 'த்ரூ' வரும்போது விரல் வைத்து நீங்களே சொல்லிவிட்டுப் போங்கள்.

பழையவாத்தியார்:
இதைத்தான் நானும் சொன்னேன்.

மூன்றாம்மொழி:
எங்கே சொன்னீர்கள்? சரி, கடைசியாக ஒரு தகவல், அப்புறம் தூங்கப் போகிறேன். நேஷன் 2006இல் போட்ட கணக்குப்படி, சாதாரண ஆங்கில நாவலில் அந்த 98ஐ எட்ட எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்தால் ஒரு குடும்பம்) தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவு தெரியாதவர்களுக்காகத்தான், சொல்லை எண்ணி எண்ணி, படிநிலை வைத்து எழுதிய வாசிப்புநூல்கள் இருக்கின்றன. ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1920களிலேயே அந்த வேலையைத் தொடங்கிவிட்டார். அதில் ஐந்து விரல் கிடையாது, பின்னட்டையிலேயே படிநிலையும் பெரும்பாலும் சொல் எண்ணிக்கையும் அச்சிட்டிருக்கும். பெரியவர்கள் அதை எடுங்கள், முயல்குட்டிக் கதையை விடுங்கள்.

நள்ளிரவுவாசகி:
அந்தப் படிநிலையும் ஒரு பதிப்பகத்துக்கு மற்றொன்று ஒத்துப்போவதில்லை. ஒருவரின் மூன்றாம் படி இன்னொருவரின் இரண்டாம் படி. அதில் நிறைய புத்தகங்கள் தூக்கம் வரவழைப்பவை.

மூன்றாம்மொழி:
தூக்கம் வருவது பேச்சில்லை. எண்ணிக்கை பேச்சு.

புதுஅம்மா:
படத்தை மூடிப் பார்த்தேன். எக்ஸ்கவேட்டரும் போச்சு. ஒரு பக்கத்தில் ஏழு விரல் மடக்கினான். ஆனால் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறான்.

மூன்றாம்மொழி:
ஏழா? அந்தப் பக்கத்தில் மொத்தம் எத்தனை சொல், எண்ணிச் சொல்ல முடியுமா?

பழையவாத்தியார்:
தூங்கப் போகிறேன் என்றீர்களே அரைவிரல்.

ஒற்றுப்பிழை:
நிறையப் புத்தகங்கள். ப் மிகும். இழையில் இரண்டாவது பிழை.