'க்ருங்க்' நம்ம குருகா? ஆர்மேனியப் பறவைப் பெயர்களின் வேர்

உள்ளான்:
வணக்கம். பாரிமுனை ஆர்மேனியன் சர்ச்சைச் சுற்றிவரும் மரபு நடைக்கு ஒரு கையேடு தயாராகிறது. ஆர்மேனியப் பறவைப் பெயர்களுக்கு அதில் ஒரு பக்கம். சில பெயர்கள் நம்ம ஊர்ச் சொல் போலவே இருக்கின்றன: க்ருங்க் – குருகு, காக்காவ் – காக்கா. சமஸ்கிருதப் பறவைப் பெயர் கிரௌஞ்சமும் பக்கத்திலேயே நிற்கிறது. எல்லாம் ஒரே வேர் என்று அச்சில் போடலாமா? இன்னொன்று: க்ருங்க் என்பதை ஒரு நூல் 'கல்' என்பதன் க-வோடும், இன்னொரு நூல் 'கங்கை'யின் முதல் க-வோடும் எழுதுகிறது. எது சரி?

கூழைக்கடா:
போடாதீர்கள். முதலில் பறவையைப் பாருங்கள், அப்புறம் சொல்லை. காக்காவ் காகமே இல்லை, கவுதாரி இனம். அது கத்தும் சத்தமே பெயரானது. கிரேக்கத்தில் கக்காபே, ஜார்ஜியனில் கக்காபி. காகமும் 'கா' என்று கத்துவதால் பெயர்கள் ஒத்துப்போகின்றன, அவ்வளவுதான் உறவு.

க்ருங்க் கொஞ்சம் ஆழமான விஷயம். பள்ளிக்கரணையில் நாம் பார்க்கும் குருகு ஹெரான் குடும்பம். பறக்கும்போது கழுத்தை மடித்துத் தோளுக்குள் இழுத்துக்கொள்ளும். க்ருங்க் என்பது கிரேன். அது கழுத்தை ஈட்டிபோல நீட்டியே பறக்கும். மூச்சுக்குழல் மார்பெலும்புக்குள் சுருண்டு கிடப்பதால் குரல் எக்காளம் மாதிரி வெகுதூரம் கேட்கும். 'கரகரவென்று கத்து' என்ற இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்த பெயர் அது. கிரேக்க கெரனோஸ், லத்தீன் க்ரூஸ், ஆங்கில கிரேன் எல்லாம் உடன்பிறப்புகள்.

சோதனை முதலெழுத்தில் இருக்கிறது. மூலத்தில் இருந்தது 'கங்கை' க. கிரேக்கமும் லத்தீனும் அதை அப்படியே வைத்துக்கொண்டன; ஆங்கிலமும் ஆர்மேனியமும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், 'கல்' க-வாக இறுக்கிவிட்டன. கிரௌஞ்சம் அதே வேரென்றால் சமஸ்கிருதத்தில் 'கங்கை' க-வோ ஜ-வோ வந்திருக்கவேண்டும். இருப்பது 'கல்' க. ஆகவே அது தனியாகப் பிறந்த ஒலிக்குறிப்புச் சொல். குருகோ திராவிடச் சொல்; பரோ – எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் 1984 பதிப்பில் பாருங்கள்.

ஆலா:
உச்சரிப்புக் கேள்விக்கு: இரண்டும் சரி, ஆனால் இரண்டையும் கலக்கக்கூடாது. ஆர்மேனிய நெடுங்கணக்கில் க-வுக்கு மூன்று எழுத்துகள்: 3-வது கிம், 15-வது கென், 36-வது கே. கிழக்கு ஆர்மேனியத்தில் கென் 'கல்' க. மேற்கில் அதுவே 'கங்கை' க ஆகிவிடும், கிம்மோ மூச்சோடு ஒலிக்கும் க ஆகிவிடும். உங்கள் இரண்டாவது நூல் மேற்கத்திய உச்சரிப்பைப் பின்பற்றியிருக்கும். தமிழ் எழுத்து மூன்றையும் ஒரே 'க'வில் விழுங்கிவிடுவதால், ஆர்மேனிய எழுத்தின் பெயரைக் குறித்துவைக்காமல் ஒப்பிட்டால் கண்டிப்பாகத் தப்பாகும். மெட்ராஸ் ஆர்மேனியர்கள் ஈரானின் இஸ்ஃபஹான் பக்கத்து நியூ ஜுல்ஃபாவிலிருந்து வந்தவர்கள், பேச்சு கிழக்குக் கிளை. கையேடு முழுக்கக் கிழக்கு உச்சரிப்பையே வைத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கோழி:
இரவல் சொற்களையும் தனியாகப் பிரித்துவிடுங்கள். ஆர்மேனியத்தில் ஈரானிய இரவல் அவ்வளவு அதிகம். அதை ஈரானியக் கிளை என்றே நினைத்திருந்தார்கள், 1875-ல் ஜெர்மன் மொழியியலாளர் ஹுப்ஷ்மான்தான் இந்தோ-ஐரோப்பியத்தில் தனிக்கிளை என்று நிறுவினார்.

கழுகு, ஆர்த்சிவ். பழைய ஈரானிய மறைநூலான அவெஸ்தாவில் இதன் இணைச்சொல்லில் 'ஸ்ஸ்' என்று அதிரும் இசட் ஒலி, சமஸ்கிருத ருஜிப்யவில் ஜ. ஈரானியத்திலிருந்து வாங்கியிருந்தால் ஆர்மேனியத்திலும் இசட் ஒலி இருக்கும். 'த்ஸ' இருப்பதால் சொந்தச் சொல். எனக்கு மிகப் பிடித்த சாட்சி இன்றைய கிழக்குத் துருக்கியின் வான் ஏரிப் பக்கத்தில், உரார்த்து என்ற பழைய அரசின் ஆப்பெழுத்துக் கல்வெட்டு: மெனுவா மன்னரின் குதிரை 22 முழம் தாண்டியது என்கிறது. குதிரையின் பெயர் அர்சிபினி, இந்தக் கழுகுச் சொல்லோடு சேர்த்துப் பார்க்கப்படும் பெயர்.

மயில், சிராமர்க். இது இரவல். பின்பாதி ஹோட்டல் மெனுவில் நாம் பார்க்கும் அதே 'முர்க்'. முழுச்சொல் ஈரானியப் புராணப் பறவை சீமுர்க்கின் பழைய பெயர்.

வான்கோழி, ஹந்த்கஹாவ். ஹந்திக் (இந்தியர்) + ஹாவ் (கோழி), நடுவில் இணைப்பு 'அ'. அழுத்தம் போனதால் 'இ' தேய்ந்துவிட்டது. பறவை அமெரிக்காவுடையது, பெயரில் மட்டும் இந்தியா. ஹாவ் மட்டும் பழஞ்சொத்து, லத்தீன் அவிஸோடு ஒரே வேர்.

ஒலி ஒத்துப்போவதை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தெருவின் பெயர்ப்பலகையையே காட்டலாம். ஆர்மேனியன் தெருதான் தமிழ் வாயில் 'அரண்மனைக்காரன் தெரு' ஆனது. அங்கே அரண்மனைக்காரர் யாரும் இல்லை.

உள்ளான்:
மிக்க நன்றி. 'ஒரே வேர்' வரியை எடுத்துவிட்டேன். கடைசியாக ஒன்று: தகைவிலான் சித்செர்னாக், கிளி தூதாக். இரண்டிலும் வரும் 'ஆக்' விகுதிதானா?

கூழைக்கடா:
சித்செர்னாக்கில் விகுதி, 'சின்ன' என்ற பொருள். அதை நீக்கிவிட்டுத் தேடுங்கள், ஏனென்றால் ஆர்மேனிய மொழியியலாளர் அச்சார்யானின் 1926–35 சொற்பிறப்பு அகராதி வேர்ச்சொல் வரிசையில் போகிறது. பேச்சில் வேரும் விகுதியும் ஒட்டியேதான் வரும். யெரெவானின் சித்செர்னாகபேர்த் குன்று அப்படியே 'தகைவிலான் கோட்டை'. தூதாக் பாரசீகத்திலிருந்து 'ஆக்' உட்பட முழுதாக வந்த சொல். அதை வெட்டாதீர்கள்.