பெர்ஹெந்தியான் தெலுக் கெர்மா போனவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். ஜூலையில் குடும்பத்தோடு மலேசியாவின் பெர்ஹெந்தியான் கெச்சில் தீவுக்குப் போகிறோம். அங்குள்ள லாங் பீச் கடற்கரையின் கூட்டமும் இரவுப் பாட்டுச் சத்தமும் எங்களுக்கு ஒத்துவராது, அதனால் தீவின் வடகோடியில் இருக்கும் தெலுக் கெர்மாவில் தங்கி, கரையிலிருந்தே இறங்கிப் பவளப்பாறை பார்க்கலாம் என்று திட்டம். நீர் வற்றும் நேரத்தில் பாறையில் வயிறு உரசாமல் நீந்த முடியுமா? மகனுக்கு நீச்சல் தெரியும், மனைவிக்குத் தெரியாது. லைஃப் ஜாக்கெட் அங்கேயே வாடகைக்குக் கிடைக்குமா, இல்லை குவாலா பெசுட்டில் படகு ஏறும் முன்பே வாங்கிக்கொள்வது நல்லதா?

அப்புறம், பக்கத்து ஆடம் அண்ட் ஈவ் கடற்கரைக்குக் காட்டுவழியாக நடக்கலாமாம். பிள்ளையோடு நடக்கிற மாதிரியான பாதையா, படகு டாக்சிதானா?

இன்னொன்று, மீசை இருப்பதால் கடலுக்குள் பார்க்க அணியும் என் மாஸ்க்கில் மூக்குக்குக் கீழே தண்ணீர் கசிகிறது. வாசலின் தடவலாமா, சிலிக்கான் கெடாதா? மீசையை எடு என்று மட்டும் சொல்லாதீர்கள்.