அமெரிக்கக் கிறிஸ்தவப் பல்கலையில் ‘ஹிஸ்டரி அண்ட் கவர்ன்மென்ட்’: சேர்க்கலாமா?

நெல்லைக்காரன்:
தங்கச்சி மகன் பிளஸ் டூ. ஒஹாயோவில் சிடார்வில், வர்ஜீனியாவில் ரீஜென்ட், லிபர்ட்டி என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறான். வரலாறும் அரசியலும் படித்துவிட்டு அங்கேயே சட்டம் படிக்க ஆசை. பட்டம் செல்லுமா? பைபிள் காலேஜ் மாதிரி இருக்குமா, இல்லை நிஜமாகவே அரசியல் சாசனம் நடத்துவார்களா? முடித்தால் அரசாங்க வேலை உண்டா?

மார்ஜின் குறிப்பு:
‘அக்ரெடிட்டட்’ என்று போட்டிருந்தால் மட்டும் போதாது, யார் கொடுத்தது என்று பாருங்கள். சிடார்வில்லுக்கு ஹெச்.எல்.சி., மற்ற இரண்டுக்கும் எஸ்.ஏ.சி.எஸ்.சி.ஓ.சி. என்ற அங்கீகார அமைப்புகள். மதச்சார்பற்ற பல்கலைகளுக்கு அங்கீகாரம் கொடுப்பதும் இதே அமைப்புகள்தான். அதனால் அந்தக் கவலை வேண்டாம். கிறிஸ்தவக் கல்லூரிகளுக்கென்றே இருக்கும் டிராக்ஸ் என்ற அமைப்பின் அங்கீகாரமும் முறையானதுதான். ஆனால் பாதியில் வேறு பல்கலைக்கு மாறினால் ஏற்கெனவே முடித்த பாடங்களின் கிரெடிட்டை எடுத்துக்கொள்வதில் சில இடங்களில் இழுபறி வரும்.

சட்டத்துக்கு அங்கே இளங்கலைக்குப் பிறகு படிக்கும் தனிப் பட்டம், ஜே.டி. இளங்கலையில் எந்தப் பாடம் எடுத்திருந்தாலும் சரி. சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டில் மதிப்பெண் 120 முதல் 180 வரை. 2024 ஆகஸ்டிலிருந்து லாஜிக் கேம்ஸ் என்ற தர்க்கப் புதிர்ப் பகுதி போய்விட்டது. மிச்சமிருப்பது வாதத்தைப் பிரித்துப் பார்ப்பதும் பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வதும்தான். வரலாறு படித்தவனுக்கு இது சாதகம்.

விண்ணப்பத்தில் பல இடங்களில் போதகர் பரிந்துரையும் விசுவாசத்தைப் பற்றிய கட்டுரையும் கேட்பார்கள். ஞானஸ்நான சான்றிதழை ஸ்கேன் செய்து அனுப்புவதும், ‘நாலு தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம்’ என்று எழுதுவதும் அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. அவர்கள் கேட்பது அவனுடைய சொந்த விசுவாசத்தை.

பழைய கெஜட்:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சிடார்வில்லில் எந்த இளங்கலை மாணவரும் பைபிளைத் துணைப்பாடமாக எடுத்தே ஆகணும், வார நாட்களில் சேப்பல் வழிபாடும் உண்டு. அதற்காகச் சாசனம் லேசாகப் போகும் என்று நினைக்க வேண்டாம். சாசனத்தை ஆதரித்து அந்தக் காலத்தில் எழுதிய ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் 85-ல் 10-ம் 51-ம் இல்லாத பாடத்திட்டம் அரிது.

பையன்கள் சறுக்குவது ‘அமெரிக்கா கிறிஸ்தவ நாடா’ என்ற இடத்தில். சாசனத்தைத் தயாரித்தபோது, பின்னாளில் ஜனாதிபதியான ஜெஃபர்சன் பாரிஸில் தூதர். அவரைச் சாசனம் எழுதியவர்களில் ஒருவராகக் காட்டினால் பேராசிரியர் அங்கேயே சிவப்பு மையால் சுழிப்பார். மதத்தையும் அரசையும் ‘பிரிக்கும் சுவர்’ என்ற சொல் அவர் 1802 ஜனவரி 1-ல் டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு எழுதிய கடிதத்தில் வருவது, சாசனத்தில் கிடையாது. இன்னொரு பக்கம், அரசின் தலையீடு வேண்டாம் என்று அவரிடம் முறையிட்டதே அந்தச் சபைக்காரர்கள்தான். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாத கட்டுரை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அரைகுறை.

வகுப்பில் எழுதச் சொல்லும் வழக்குச் சுருக்கம் நாலு பகுதி: நடந்தது, சட்டக் கேள்வி, தீர்ப்பு, காரணம். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. 1947 எவர்சன் வழக்கைப் பாருங்கள். நியூ ஜெர்சியில் கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் பஸ் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நீதிபதி பிளாக் அந்தச் சுவர் உயரமாக நிற்கணும் என்று எழுதிவிட்டு, 5-க்கு 4 என்ற கணக்கில் கட்டணம் கொடுத்தது செல்லும் என்றே முடித்தார். சுவர் வரியை மட்டும் படித்தவன் தீர்ப்பைத் தலைகீழாக எழுதுவான்.

வாட்சப்பில் சுற்றும் ஜார்ஜ் வாஷிங்டன் ‘பொன்மொழி’களை அடிக்குறிப்பில் போடவே கூடாது. ‘ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்’ தளத்தில் அந்தத் தலைவர்களின் மூலக் கடிதங்கள் இலவசம். அதில் தேடிக் கிடைக்காவிட்டால் எடுத்துவிடுவதே நல்லது. பணம் கட்டும் முன் துறைக்கு மெயில் போட்டு இரண்டு பாடங்களின் சிலபஸ் கேளுங்கள். வாசிப்புப் பட்டியலில் மூல ஆவணங்களே இல்லாமல் பாடநூல் மட்டும் இருந்தால் நான் சேர்க்க மாட்டேன்.

ஐ-20:
அரசாங்க வேலைக்கு மட்டும் ஆசை காட்டாதீர்கள். அமெரிக்க மத்திய அரசு வேலைகளில் பெரும்பாலானவை குடிமக்களுக்குத்தான். எஃப்-1 மாணவர் விசாவில் படிப்பு முடிந்ததும் வேலை பார்க்கும் அனுமதியான ஓ.பி.டி. 12 மாதம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்ப, கணித) பாடம் இல்லாததால் கூடுதல் 24 மாதம் கிடைக்காது. விசாவுக்காகப் பல்கலை கொடுக்கும் ஐ-20 படிவத்தை வாங்கவே முதல் வருடச் செலவுக்குப் பணம் காட்டணும். கேம்பஸ் வேலை செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம். அதை நம்பி ஃபீஸ் கணக்குப் போட முடியாது.

வாஷிங்டன் இன்டர்ன்ஷிப் இந்தப் படிப்பின் ருசியான பகுதி. பொதுவாக ஒரு கல்வியாண்டு முடியணும், படிக்கும்போதே வேலைப் பயிற்சிக்கான சி.பி.டி. அனுமதி ஐ-20-ல் ஏறணும். அது ஏறுவதற்கு முந்தின நாள் போய் உட்கார்ந்தாலும் விசா நிலைக்கே சிக்கல்.

நெல்லைக்காரன்:
நன்றி. தேர்தல் சமயத்தில் வகுப்பே பிரசாரத்துக்குப் போகுமாமே, இவனும் போகலாமா?

ஐ-20:
சம்பளம் வாங்காமல் வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கலாம். காசு கொடுக்கக் கூடாது. வேட்பாளர் பெயர் போட்ட டி-ஷர்ட்டைப் பிரசாரக் குழுவிடம் விலைக்கு வாங்கினால் அதுவும் நன்கொடைக் கணக்குதான், வெளிநாட்டவருக்குத் தடை. ‘இலவசமாகக் கொடுத்தால் போட்டுக்கோ’ என்று சொல்லி அனுப்புங்கள்.