தங்கச்சிமடம் வீடு: மாமா பக்கம் ஏன் சிவப்பு?

பாம்பன் மாமா: மாப்பிள்ளை நேற்று அனுப்பிய மொய்க் கணக்குப் படத்தில் என் பக்கம் முழுக்கச் சிவப்பு. தாய்மாமனுக்குப் பச்சை என்று தங்கச்சி சொன்னாளே. நான் என்ன பாக்கி வைத்தேன்?

மண்டபம் சித்தி: அண்ணே

சென்னைத் தம்பி: மாமா, சிவப்பு என்றால் நாங்கள் உங்களுக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய மொய். நீங்கள் தர வேண்டியது இல்லை.

பாம்பன் மாமா: என் மூத்தவள் கல்யாணத்துக்கு யார் வந்தீர்கள்?

ராமநாதபுரம் பெரியப்பா: மச்சான், அன்றைக்குக் காற்று. அப்போது பழைய பாம்பன் பாலம். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை விட மாட்டார்கள்.

பாம்பன் மாமா: பஸ் ஓடியது.

அம்மா: அண்ணே, அது மனதில் இருப்பதால்தான் குறித்து வைக்கச் சொன்னேன்.

சென்னைத் தம்பி: எப்படிச் சிவந்தது என்று சொல்கிறேன். அப்சிடியன் என்ற குறிப்பெழுதும் செயலியில் வீட்டுக்கு ஒரு நோட்டு. நோட்டின் தலையில் சிஎஸ்எஸ்கிளாசஸ் என்ற இடத்தில் முறைக்கு ஒரு குறி, மொய்க்கு ஒரு குறி. தாய்மாமன் என்றால் பச்சைப் பின்னணி, மொய் பாக்கி என்றால் சிவப்புப் பின்னணி. மாமாவுக்கு இரண்டும் உண்டு. எந்தக் குறிக்கு எந்த நிறம் என்ற விதிகள் சிஎஸ்எஸ் என்ற தனிக் கோப்பில் இருக்கும். இரண்டு விதிக்கும் ஒரே வலு இருந்தால் அந்தக் கோப்பில் கீழே எழுதியதுதான் நிற்கும். மொய் விதி கீழே இருந்தது.

மண்டபம் சித்தி: சென்னையில் நண்டு கிலோ என்ன விலை?

அம்மா: பச்சையைக் கீழே எழுதிவிடு.

சென்னைத் தம்பி: எழுதினால் மொய் மறைந்துவிடும் அம்மா. விதியை முந்த வைக்கும் இம்பார்ட்டன்ட் என்ற சொல்லைப் பச்சைக்கு ஒட்டினாலும் அதேதான். நாளைக்கு மொய் விதிக்கும் ஒட்டத் தோன்றும், அப்புறம் பழையபடி கீழே இருப்பதுதான் நிற்கும். இரண்டும் ஒரே பின்னணியைக் கேட்பதுதான் சிக்கல். முறைக்குப் பின்னணி, மொய்க்கு இடது ஓரத்தில் தடித்த கோடு என்று பிரிக்கிறேன். இரண்டும் தெரியும்.

நான்: கோடு மஞ்சளாக இருக்கட்டும்டா.

பாம்பன் மாமா: எந்த நிறமோ. பக்கம் பச்சையாக வர வேண்டும்.

ராமநாதபுரம் பெரியப்பா: என் பக்கம் என்ன நிறம்?

அம்மா: முதலில் நம் வீட்டு விசேஷத்துக்குத் தேதியைச் சொல்லுங்கள். ஜூன் 14 மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. 15 போட் போய்விட்டால் அண்ணன் எங்கே வருவார்? பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

பாம்பன் மாமா: 8 வையுங்கள். சீர் வரிசையோடு காலையிலேயே வந்துவிடுவேன்.

மண்டபம் சித்தி: 8 எனக்கு முடியாது. பேத்திக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம்.

சென்னைத் தம்பி: மாமா, புதுப் படம் அனுப்பியிருக்கிறேன். பச்சை தெரிகிறதா?

பாம்பன் மாமா: தெரிகிறது மாப்பிள்ளை.

ராமநாதபுரம் பெரியப்பா: என் பக்கம்?

அம்மா: 8 என்று வைத்துக்கொள்வோமா?

மண்டபம் சித்தி: அவரைக் கேட்டுச் சொல்கிறேன்.